டார்க் ரெஞ்சை இரவல் கொடுத்தவர்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்தக் கருவிப்பெட்டி என்னுடையது. என் வீட்டுக்காரருடையது இல்லை. பதினொரு வருஷமாக இதை ஒவ்வொருவரிடமும் சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலித்துவிட்டது. ஆனாலும் நான் காருக்கு அடியில் மல்லாந்து கிடக்கும்போது தெருவில் போகிற மனுஷன் குனிந்து, வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் என் காலைப் பார்த்து, "சார் இல்லையாம்மா? ஒரு ஸ்பேனர் வேணுமே" என்றுதான் கேட்பார். சார் உள்ளே இருப்பார். சாருக்கு ஸ்பேனருக்கும் குறடுக்கும் வித்தியாசம் தெரியாது. ஆனால் சார்தான் எழுந்து வந்து, என் பெட்டியைத் திறந்து, கையில் அகப்பட்டதை எடுத்துக் கொடுத்து, "வச்சுக்கங்க, மெதுவா குடுங்க போதும்" என்று தாராளமாகச் சொல்வார். அவருக்கென்ன, சொல்லலாம்.

எனக்கு வேலை மருத்துவமனையில், ரத்தப் பரிசோதனைக் கூடத்தில். வண்டி வேலையை நான் ஆசைப்பட்டுக் கற்றுக்கொள்ளவில்லை. ஒருமுறை ஒர்க்‌ஷாப்பில் பிரேக் கட்டையை மாற்றிவிட்டதாகச் சொல்லி வண்டியைத் திருப்பிக் கொடுத்தார்கள். எனக்கு என்னவோ மனசு கேட்கவில்லை. சக்கரத்தைக் கழற்றிப் பார்த்தால் பழைய கட்டை அப்படியே உட்கார்ந்திருந்தது, மேலே ஒரு துடைப்பு மட்டும் துடைத்திருந்தார்கள். காதில் பூ சுற்றுவதற்கும் ஓர் அளவு வேண்டாமா? அன்றைக்குத்தான் நட்டின் தலையில் தொப்பி மாதிரி மாட்டித் திருகுகிற சாக்கெட் ஒன்றை முதன்முதலாக வாங்கினேன்.

ஒன்றொன்றாகத்தான் சேர்த்தேன். எந்த வேலைக்கு எது வேண்டுமோ அதை மட்டும். என் காரில் பத்து, பன்னிரண்டு, பதினாலு, பதினேழு, பத்தொன்பது மில்லிமீட்டர் நட்டுகள்தான் முக்கால்வாசி. அந்த அளவுகளை முதலில் வாங்கினேன். சாக்கெட் எல்லாம் உள்ளே ஆறு பக்கம் உள்ளவை. பன்னிரண்டு பல் வைத்தது மாட்டுவதற்குச் சுலபம், ஆனால் துருப்பிடித்த நட்டில் போட்டால் மூலைகளை மட்டும் பிடித்து வழித்துவிடும். ஆறு பக்கம் உள்ளது நட்டின் முதுகை முழுசாக அணைத்துப் பிடிக்கும். கடைக்காரர் ஒவ்வொரு தடவையும், "சார் வரலையாங்க? அளவு தப்பாப் போயிடப் போகுது" என்பார். தப்பாகப் போனது ஒருநாளும் இல்லை. அவர் கேட்பதும் ஒருநாளும் நிற்கவில்லை.

இப்போது என் நாத்தனாருடைய கணவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். நான் அவரை அண்ணா என்றுதான் கூப்பிடுவேன், ஆனால் குடும்பத்தில் அவருக்கு ஸ்பெஷலிஸ்ட் என்று பெயர். அவரே வைத்துக்கொண்டது. குழாய், மின்விசிறி, கார், கல்யாணம், எதற்கும் அவரிடம் ஓர் அபிப்பிராயம் தயாராக இருக்கும். ஒரு தடவை எங்கள் வீட்டுக்கு இருநூற்றுப் பதினாறு சாமான்கள் அடங்கிய பெரிய பெட்டி ஒன்றைப் பரிசாகக் கொண்டுவந்தார். பளபளவென்று, திறந்தால் நகைக்கடை மாதிரி. என்னிடம் கொடுக்கவில்லை. என் வீட்டுக்காரர் கையில் கொடுத்தார்.

"மாப்ள, இனிமே ஒர்க்‌ஷாப் பக்கமே போக வேணாம். எல்லாம் இதுல இருக்கு."

எல்லாம் இருந்தது, எனக்கு வேண்டியதைத் தவிர. பாதி சாக்கெட்டுகள் அங்குலக் கணக்கு. அதில் ஒன்றை எடுத்து என் காரின் பதினாலு நட்டில் மாட்டி, "பாத்தியா, பொருந்துது" என்று ஒரு இழுப்பு இழுத்தார். அது முடி அளவு பெரியது. பொருந்துவது போலப் பொருந்தி, இழுக்கும்போது நழுவி, நட்டின் ஆறு மூலையையும் வழித்து உருண்டையாக்கிவிட்டது. அந்த நட்டைக் கழற்ற எனக்கு ஒரு முழு நாள் ஆனது. அவர் என்ன சொன்னார் தெரியுமா? "நட்டு மட்டமான சரக்கும்மா."

என் பெட்டியில் எனக்கு உயிரான சாமான் ஒன்று உண்டு. டார்க் ரெஞ்ச். கைமுழ நீளம், முனையில் சாக்கெட் மாட்டுகிற சதுரக் கட்டை. எவ்வளவு இறுக்க வேண்டுமோ அந்த எண்ணைக் கைப்பிடியைத் திருகி வைத்துக்கொண்டு நட்டை இறுக்கினால், அந்த அளவு வந்ததும் 'டிக்' என்று கைக்குள் ஒரு சத்தம் சொல்லும். அதோடு நிறுத்திவிட வேண்டும். சக்கரத்து நட்டுக்கு என் காரில் பதினொன்று வைக்க வேண்டும், அதாவது ஒரு மீட்டர் நீளக் கம்பியின் முனையில் பதினொரு கிலோ தொங்குகிற இறுக்கம். குறைந்தால் ஓட ஓடக் கழலும், கூடினால் மரை அறுந்துபோகும். உள்ளே ஒரு சுருள்வில் இருக்கிறது, அதுதான் அளக்கிறது. அதனால் அதற்குச் சில நியமங்கள் உண்டு. இறுக்குவதற்கு மட்டும்தான், கழற்றுவதற்குத் தொடவே கூடாது. வேலை முடிந்ததும் எண்ணை அடிமட்டத்துக்கு இறக்கி வில்லைத் தளர்த்தி வைக்க வேண்டும். இதையெல்லாம் ஓர் அட்டையில் எழுதி, பெட்டி மூடியின் உட்புறத்தில் ஒட்டியிருந்தேன். பெரிய எழுத்தில். படிக்கத் தெரிந்தவர்களுக்காக.

என் வீட்டுக்காரர் தையல்காரர். கை சுத்தமான வேலை, நான் குறை சொல்லமாட்டேன். அவருடைய துணி வெட்டும் கத்தரியால் எங்கள் மகள் ஆறு வயதில் ஒரு காகிதப் பூ வெட்டினாள். அன்றைக்கு இந்த வீட்டில் நடந்த கூத்து! "காகிதத்தை வெட்டினா முனை போயிடும்னு உனக்குத் தெரியாதா, பிள்ளைக்குச் சொல்லித் தரமாட்டியா" என்று என்னைப் பிடித்து உலுக்கி எடுத்துவிட்டார். சரி, அது நியாயம் என்றுதான் அன்றும் நினைத்தேன். இன்றும் நினைக்கிறேன். ஆனால் அந்த நியாயம் அவருடைய கத்தரிக்கு மட்டும்தான் என்பது எனக்குத் தெரியாமல் போய்விட்டது.

எங்கள் மகள் கால்நடை மருத்துவர். இந்த வருஷம்தான் வேலையில் சேர்ந்தாள். பண்ணை பண்ணையாகப் போக வேண்டும், பஸ் போகாத இடமெல்லாம். அதனால் காரை அவளுக்கே விட்டுவிட்டேன். ஒரு சனிக்கிழமை காலை அவளுக்காக முன்சக்கரங்கள் இரண்டையும் கழற்றி பிரேக் கட்டை மாற்றினேன். என் வீட்டுக்காரர் டீ டம்ளரோடு வந்து தூணில் சாய்ந்து நின்று பார்த்துக்கொண்டிருந்தார். மாட்டி முடித்து, வண்டியை இறக்கி, டார்க் ரெஞ்சில் பதினொன்று வைத்து, எதிரெதிராக ஒவ்வொரு நட்டாக இறுக்கினேன். பத்து நட்டு, பத்து 'டிக்'. ஒருநாள் ஓடிய பிறகு சக்கர நட்டை மறுபடி பார்க்க வேண்டும் என்பது முறை. மறுநாள் சாயங்காலம் அதையும் பார்த்தேன். ரெஞ்சை வைத்ததும் 'டிக்', 'டிக்' என்றது. திருப்தியாக எடுத்து வைத்தேன்.

அடுத்த புதன்கிழமை பாலத்துக்கு முன்னால் உள்ள வளைவில் வண்டி நடுங்க ஆரம்பித்திருக்கிறது. அவள் புத்திசாலி, வேகத்தைக் குறைத்து ஓரம் கட்டியிருக்கிறாள். இறங்கிப் பார்த்தால் இடது முன்சக்கரத்தில் இரண்டு நட்டைக் காணோம். மீதி மூன்றும் விரலால் சுற்றினால் வருகிற நிலையில். இன்னும் நூறு அடி போயிருந்தால் பாலம். கீழே ஆறு. என்னால் அதற்கு மேல் நினைக்க முடியவில்லை, இப்போதும் முடியவில்லை.

எங்கள் தெரு டயர் கடைக்காரர் போய்ப் புது நட்டு போட்டு வண்டியைக் கொண்டுவந்து சேர்த்தார். நல்ல மனுஷன், என் முகத்தைப் பார்க்காமல்தான் சொன்னார். "இறுக்காம விட்ட மாதிரி இருக்கும்மா."

மகள் வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள்.

"அம்மா, நீ டைட் பண்ணியா? நிஜமா பண்ணியா?"

"பண்ணேன்டி. பத்தும் பண்ணேன்."

"அப்புறம் எப்படிம்மா?"

எனக்குப் பதில் தெரியவில்லை. அது போதாதா? அன்றிலிருந்து அவள் அந்தக் காரில் ஏறவில்லை. இரண்டு பஸ் மாறி, அதற்கப்புறம் யாராவது பண்ணைக்காரர் வந்து கூட்டிப்போகும்வரை ரோட்டில் நின்று, வேலைக்குப் போனாள். என்னோடு சண்டை போடவில்லை. சண்டை போட்டிருந்தால் பரவாயில்லை. "அம்மா கை வச்ச வண்டி வேணாம்" என்று அவள் அப்பாவிடம் மெதுவாகச் சொன்னது என் காதில் விழுந்தது. ஊர் என்ன வேண்டுமானாலும் சொல்லட்டும், இவள் சொல்லலாமா?

அந்த ஞாயிற்றுக்கிழமை பஞ்சாயத்து கூடியது. ஸ்பெஷலிஸ்ட், என் நாத்தனார், என் வீட்டுக்காரர். நான் குற்றவாளி மாதிரி சமையலறை வாசலில்.

"நான் அப்பவே சொன்னேன்," என்றார் ஸ்பெஷலிஸ்ட். சொல்லவே இல்லை. "பொம்பளைங்களுக்கு அந்த அழுத்தம் வராதும்மா. தப்பு உன்மேல இல்ல. கைவாகு அப்படி."

"பிள்ளை உயிரோட திரும்பி வந்ததே பெருசு," என்றாள் நாத்தனார். "இனிமே உனக்கு எதுக்கு இந்த வேலை? அந்தப் பெட்டிய இவர்கிட்ட குடுத்துடு. இவர் பாத்துப்பார்."

நான் என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவர் சட்டைப் பித்தானைத் திருகிக்கொண்டே, "அத்தான் எடுத்துட்டுப் போகட்டும். அதான் எல்லாருக்கும் நல்லது," என்றார்.

நான் ஒரு வார்த்தை பேசவில்லை. நானா பேசாமல் இருந்தேன் என்று என்னைத் தெரிந்தவர்கள் நம்பமாட்டார்கள். ஆனால் மகள் அங்கே உட்கார்ந்திருந்தாள், தலையை நிமிர்த்தவில்லை. ஒருவேளை நிஜமாகவே நான்தான் விட்டுவிட்டேனோ என்று எனக்கே தோன்றத் தொடங்கிவிட்டது. பெட்டியை உடனே எடுத்துப்போக ஸ்பெஷலிஸ்ட்டின் வேன் தோதாக இல்லை. அவரே ரிப்பேர் பார்த்ததால் இரண்டு மாதமாகப் படுத்துக் கிடந்தது. இன்னும் இரண்டு வாரத்தில் ஓட வைத்து, ஞாயிற்றுக்கிழமை வந்து எடுத்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

அந்த நாட்களில் நான் தூங்குவது, சாப்பிடுவது எல்லாம் அந்தப் பத்து நட்டோடுதான். குழம்பு கொதிக்கும்போதுகூட மனசுக்குள் ஒவ்வொன்றாக இறுக்கிக்கொண்டிருப்பேன். பத்தும் 'டிக்' என்றன. எனக்கு நிச்சயம். பின்னே?

பதில் வேலை இடத்தில் கிடைத்தது. எங்கள் கூடத்தில் தினமும் காலையில் நோயாளியின் ரத்தத்தை வைப்பதற்கு முன்னால், சர்க்கரை எவ்வளவு என்று ஏற்கெனவே தெரிந்த ஒரு திரவத்தை இயந்திரத்தில் வைத்துப் பார்ப்போம். அந்த எண் வந்தால்தான் இயந்திரத்தை நம்புவோம். அன்றைக்கு நூறு வர வேண்டிய இடத்தில் அறுபத்திரண்டு வந்தது. என்னோடு வேலை செய்கிற பெண் சாதாரணமாகச் சொன்னாள்.

"மெஷின் பொய் சொல்லுதுக்கா. இன்னிக்கு இதை நம்பி ஒண்ணும் எழுதக்கூடாது."

கையில் இருந்த குப்பியை அப்படியே வைத்துவிட்டேன். ஐயோ, பதினொரு வருஷத்தில் என் டார்க் ரெஞ்சை நான் ஒரு தடவைகூடச் சோதித்ததில்லை! அது 'டிக்' என்றது, நான் தலையாட்டினேன். மறுநாள் சோதித்தேனே, எதை வைத்துச் சோதித்தேன்? அதே ரெஞ்சை வைத்து. இது என் தப்புதான். இதை நான் யாரிடமும் மறைக்கவில்லை, இங்கேயும் மறைக்கவில்லை.

சாயங்காலம் வீட்டுக்கு வந்து ரெஞ்சை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். அந்தச் சனிக்கிழமை பெட்டியிலிருந்து எடுத்தபோதே அது பளிச்சென்று துடைத்திருந்தது நினைவுக்கு வந்தது. அவ்வளவு நன்றாக நான் துடைப்பதில்லை. கைப்பிடிக்கு மேலே, வளையம் வளையமாகக் கீறல். ஏதோ ஒரு இரும்புக் குழாயை அதன்மேல் செருகிக் கழற்றியதுபோல. துருப்பிடித்த நட்டு அசையாவிட்டால் சிலர் இப்படித்தான் குழாயை மாட்டிக் கைப்பிடியை நீளமாக்கி, அதன்மேல் ஏறி நிற்பார்கள். அதற்கென்று தடியான கம்பி இருக்கிறது. அளக்கிற கருவியில் அதைச் செய்வது, துணி வெட்டும் கத்தரியால் தகரத்தை வெட்டுகிற காரியம். நான் குழாய் மாட்டியதே இல்லை. அப்படியானால் மாட்டியது யார்? என் வீட்டுக்காரருக்கு மாட்டவும் தெரியாது.

யாரிடமும் ஒன்றும் கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைக்காகக் காத்திருந்தேன்.

ஸ்பெஷலிஸ்ட் காலை பத்து மணிக்கு வேனோடு வந்து இறங்கினார், நாத்தனாரும் வந்தாள். நான் வாசலில் கார் நிறுத்தும் கொட்டகையில் எல்லாவற்றையும் தயாராக வைத்திருந்தேன். இரும்பு மேசையில் பதித்திருக்கும் வைஸின் தாடைகளில் ரெஞ்சின் சதுர முனையைக் கவ்வ வைத்து, கைப்பிடி தரைக்குப் படுக்கையாக நீட்டிக்கொண்டிருக்கும்படி செய்திருந்தேன். பக்கத்தில் ஒரு காலி வாளி, கயிறு, ஒரு லிட்டர் குவளை, ஒரு அண்டா தண்ணீர்.

"என்னம்மா இது, தண்ணிப் பந்தலா?" என்றார்.

"பெட்டிய எடுத்துட்டுப் போறதுக்கு முன்னாடி ஒரே ஒரு வேலைண்ணா. அஞ்சு நிமிஷம். எல்லாரும் வாங்க." மகளையும் கூப்பிட்டேன். வரமாட்டேன் என்றாள். "நீதான்டி எண்ணணும். நான் எண்ணினா நம்பமாட்டாங்க," என்றேன். வந்தாள்.

விளக்கிச் சொன்னேன். முனையிலிருந்து கைப்பிடியின் நடுப்பகுதிவரை சரியாக நாற்பது சென்டிமீட்டர். அங்கே இருபது கிலோ தொங்கினால், இருபதை 0.4 மீட்டரால் பெருக்கி, திருகும் விசை ரெஞ்சின் கணக்கில் எட்டு. ரெஞ்சிலும் எட்டுதான் வைத்திருக்கிறேன். வாளி ஒரு கிலோ, ஒரு குவளைத் தண்ணீர் ஒரு கிலோ. பத்தொன்பதாவது குவளையில் இது 'டிக்' சொல்ல வேண்டும். ரெஞ்சின் சொந்தக் கனத்துக்காக ஒன்று முன்னால் சொன்னாலும் ஒப்புக்கொள்கிறேன்.

"இதெல்லாம் எதுக்கு இப்ப?" என்றார் என் வீட்டுக்காரர். அவர் குரல் ஒரு மாதிரி இருந்தது. அப்போது நான் அதைக் கவனிக்கவில்லை.

வாளியைக் கட்டித் தொங்கவிட்டு, ஊற்ற ஆரம்பித்தேன். மகள் எண்ணினாள். ஒன்று. இரண்டு. ஐந்தில் ஸ்பெஷலிஸ்ட் கொட்டாவி விட்டார். எட்டு. ஒன்பது. பத்து. பதினொன்றாவது குவளையைப் பாதி ஊற்றியிருப்பேன்.

'டிக்.'

தண்ணீரைக் கொட்டிவிட்டு மறுபடி முதலிலிருந்து ஊற்றினேன். மறுபடியும் பதினொன்று. மூன்றாம் தடவை மகளே குவளையை என் கையிலிருந்து வாங்கி ஊற்றினாள். பதினொன்று.

"பத்தொன்பதுல சொல்ல வேண்டியது பதினொண்ணுலயே சொல்லுது," என்றேன். "நான் பதினொண்ணு வச்சு இறுக்கின நட்டு ஆறரைதான் இறுகியிருக்கு. என் கைவாகு இல்லண்ணா. இதுக்குள்ள இருக்கற வில்லை யாரோ ஒடிச்சிருக்காங்க. இங்க பாருங்க கீறல். குழாய் மாட்டி ஏறி மிதிச்சிருக்காங்க."

"நான் தொடவே இல்லம்மா," என்றார் ஸ்பெஷலிஸ்ட். அவர்தான் என்று நான் இன்னும் சொல்லவே இல்லை.

மகள் குவளையைக் கீழே வைத்தாள். "மாமா, உங்க வேன் ரெண்டு மாசமா ரிப்பேர். எதை வச்சுக் கழட்டுனீங்க?"

அந்த மனுஷனுக்கு என்னிடம் பொய் சொல்ல வரும், அவளிடம் வராது. தூக்கி வளர்த்தவர். முகம் சிவந்துவிட்டது.

"எடுத்தேன்மா, இல்லன்னு சொல்லல. பின்சக்கரத்து நட்டு அசையவே இல்ல, பைப் மாட்டி ஏறி நின்னேன். உள்ள ஏதோ மடக்குன்னுச்சு. அதுக்காக என்னைக் கொலகாரன் மாதிரி பாக்காதீங்க! நான் என்ன மறைச்சா குடுத்தேன்? அன்னிக்கே மாப்ளகிட்ட சொல்லிட்டுத்தான குடுத்தேன்! 'உள்ள ஏதோ ஒடஞ்சிருச்சு போல மாப்ள, வேணா ரிப்பேர் பண்ணிக் குடுக்கறேன்'னு சொன்னேனா இல்லையா? நீதான மாப்ள, 'விடுங்க அத்தான், அவளுக்குத் தெரிஞ்சா வீட்டையே ரெண்டாக்கிடுவா, நான் தொடச்சு வச்சிடறேன்'னு சொன்ன?"

நான் என் வீட்டுக்காரர் பக்கம் திரும்பினேன். அவர் தரையைப் பார்த்தார்.

நான் ஸ்பெஷலிஸ்ட்டைத்தான் பிடிப்பேன் என்று மூன்று வாரக் கோபத்தையும் சேர்த்து வைத்திருந்தேன். அது அப்படியே நின்றுவிட்டது. அந்த ஆள் முட்டாள். முட்டாளை என்ன செய்ய முடியும்? ஆனால் இவர்?

"உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்னா... அது இரும்புதான, என்ன ஆகிடப் போகுதுன்னு..."

"பஞ்சாயத்து நடந்தப்ப தெரியும். இவங்க என் கைவாகு சரியில்லன்னு சொன்னப்ப தெரியும். பெட்டிய எடுத்துட்டுப் போகட்டும், அதான் எல்லாருக்கும் நல்லதுன்னு சொன்னீங்களே, அப்பவும் தெரியும்!"

"குடும்பத்துக்குள்ள சண்டை வேணாம்னுதான். அத்தானுக்குச் சங்கடமாயிடும்னு..."

"உன் நல்லதுக்குத்தான் சொல்லாம இருந்திருப்பான்," என்று நாத்தனார் தம்பிக்கு வக்காலத்து வாங்க வந்தாள். நான் கையை நீட்டி நிறுத்தினேன். "அண்ணி, தயவுசெஞ்சு."

"சரி, விடு. புதுசா ஒண்ணு வாங்கித் தந்துடறேன்," என்றார் அவர். வாங்கித் தருகிறாராம்! கடையில் கிடைக்கிற சாமானா உடைந்தது? மூன்று வாரம் என் பிள்ளை என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. அதை எந்தக் கடையில் வாங்குவார்?

ஆனால் அதைவிடப் பெரிய விஷயத்தை மகள்தான் முதலில் கண்டுபிடித்தாள். எனக்கே அதுவரை உறைக்கவில்லை. நான் என் மானத்தைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தேன். அவள் மிக நிதானமாகக் கேட்டாள்.

"அப்பா, அந்தச் சனிக்கிழமை அம்மா சக்கரத்தை மாட்டும்போது நீங்க அங்கதான நின்னுட்டு இருந்தீங்க?"

அவர் கை சட்டைப் பித்தானுக்குப் போனது.

"அந்த ரெஞ்ச் ஒடஞ்சதுன்னு உங்களுக்குத் தெரியும். அம்மா அதை வச்சு இறுக்கறாங்க. அந்த வண்டில நான்தான் போகப் போறேன். அதுவும் தெரியும். டீ குடிச்சிட்டு நின்னீங்க."

"அப்படி இல்லம்மா. எனக்கு இந்தச் சாமானப் பத்தி என்னம்மா தெரியும்?"

"கத்தரியால காகிதம் வெட்டினா முனை போயிடும்னு தெரியும் இல்ல? அது மாதிரிதானப்பா இதுவும்."

ஸ்பெஷலிஸ்ட் மெதுவாக வேன் பக்கம் நகர்ந்தார். பெட்டியைப் பற்றி யாரும் பேசவில்லை. நாத்தனார் போகும்போது என் தோளைத் தொட வந்தாள். நான் வாளியைக் கழுவுகிற சாக்கில் குனிந்துகொண்டேன்.

அன்று மத்தியானம் டயர் கடைக்காரரிடம் போய் அவருடைய டார்க் ரெஞ்சைக் கேட்டேன். கொடுத்தார். கொட்டகைக்குக் கொண்டுவந்து, அதையும் வைஸில் மாட்டி, வாளியைத் தொங்கவிட்டேன். பின்னாலேயே வந்த மனுஷன் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றார்.

"என்னதையே சோதிக்கிறியாம்மா?"

"கோவிச்சுக்காதீங்க. என்னதையே நான் இனிமே நம்பமாட்டேன்."

மகள்தான் ஊற்றினாள். பதினெட்டு முடிந்து பத்தொன்பது பாதியில் 'டிக்' என்றது. டயர் கடைக்காரருக்கு அப்படி ஒரு சந்தோஷம், தன் பிள்ளை பரீட்சையில் பாஸான மாதிரி. பிறகு நான்கு சக்கரத்தையும் இறுக்கினேன். அவள் பக்கத்தில் குந்திக்கொண்டு ஒவ்வொரு நட்டையும் பார்த்துக்கொண்டிருந்தாள். முடிந்ததும், "மன்னிச்சுடும்மா," என்றாள். "நீ எதுக்குடி மன்னிப்புக் கேக்கற?" என்று கத்திவிட்டேன். கத்திவிட்டு அழுதுவிட்டேன். எனக்கு எல்லாம் அந்த வரிசையில்தான் வரும்.

திங்கட்கிழமை காலை ஆறரை மணி. அவள் மருந்துப் பையோடு வெளியே வந்தாள். அவர் அதற்கு முன்பே குளித்து, இஸ்திரி போட்ட சட்டையோடு காருக்குப் பக்கத்தில் சாவியோடு நின்றுகொண்டிருந்தார். ராத்திரி முழுக்க யோசித்திருப்பார் போல.

"வாம்மா. இன்னிக்கு நான் கொண்டுபோய் விடறேன். ஏறு."

அவள் அவர் கையிலிருந்து சாவியை வாங்கினாள். கோபமாகப் பிடுங்கவில்லை, சாதாரணமாகத்தான் வாங்கினாள். வாங்கி, வாசற்படியில் நின்ற என்னிடம் நீட்டினாள்.

"அம்மா, நீ வா. எனக்கு இன்னும் அந்தப் பாலத்துகிட்ட பயமா இருக்கு. நீ ஓட்டு."

வேலைக்கு லீவு சொல்லவில்லை, தலை வாரவில்லை, போட்டிருந்த பழைய சேலையோடு போய் ஏறினேன். அவள் பக்கத்தில் உட்கார்ந்து கதவைச் சாத்திக்கொண்டாள். அவர் சுற்றி என் பக்கம் வந்தார்.

"நானும் பின்னால உக்காந்துக்கறேனே," என்றார்.

நான் மகளைப் பார்த்தேன். அவள் நேராக முன்னால் பார்த்துக்கொண்டு சீட் பெல்ட்டை மாட்டிக்கொண்டிருந்தாள்.

"உங்களுக்கு எல்லா விஷயமும் தெரியுங்க," என்றேன். "தெரிஞ்சும் சொல்லாதவங்க வீட்லயே இருங்க."

அவர் இன்னும் ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். நான் கண்ணாடியை ஏற்றிவிட்டு வண்டியை எடுத்தேன்.